எரிகிறது என்று பதிவான அடுப்பு

அடுப்பு எரிந்தது என்று பதிவாகிவிட்டது. ஆகவே அது எரியவில்லை என்று சொல்ல மாரித்தாய்க்கு உரிமை கிடையாது. இதை அவளுக்குப் புரியவைக்கத்தான் விருதுநகரில் ஒரு முழு ஆபீஸ் மாதக்கணக்கில் பாடுபட்டது. அந்தப் பொறுமையை இதுவரை ஒருவரும் பாராட்டவில்லை. நாமாவது பாராட்டிவிட்டுக் கதைக்குள் போவோம்.

ஆபீசின் பெயர் மாவட்டப் பட்டாசுப் பகுதி மகளிர் மாற்றுத் தொழில் ஊக்குவிப்பு இயக்கம். பலகை வாசலுக்குள் அடங்காமல் பக்கத்து ஜெராக்ஸ் கடைச் சுவரில் கொஞ்சம் ஏறியிருந்தது. வாய் வலிக்கும் என்று ஜனங்கள் 'மாத்து ஆபீஸ்' என்று சுருக்கிவிட்டார்கள். பட்டாசு கம்பெனியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை பார்க்கும் பெண்களை வேறு தொழிலில் உட்கார வைப்பது அதன் கொள்கை. கொள்கை அருமையானது. தொடங்கிய நாளிலிருந்து அதற்கு ஒரு கீறல்கூட விழவில்லை, ஏனென்றால் யாரும் அதை எடுத்துப் பயன்படுத்தவில்லை.

மாரித்தாய்க்கு ஊர் சிவகாசிக்குப் பக்கத்தில் விஸ்வநத்தம். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரே பட்டாசு கம்பெனியில், வெடிமருந்து அடைக்கிற மருந்து அறையில் வேலை. போன வருஷம் சித்திரையில் அவள் அறைக்கு இரண்டு அறை தள்ளி வெடித்தது. அவள் அறையில் கூரை மட்டும்தான் போயிற்று. வெடித்த அறையில் இருந்தவர்களைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை. அன்றிலிருந்து தூக்குவாளி மூடி கீழே விழுந்தாலும் அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். உண்மையைச் சொன்னால் அவளுக்குப் பயம். சோறு இறங்காத பயம்.

"இனிமே மருந்து ரூமுக்குள்ள காலு வைக்க மாட்டேன்" என்று புருஷன் வெள்ளைத்துரையிடம் சொன்னாள். அவன் அதே கம்பெனியில் லோடு ஏற்றுகிறவன். "வைக்காத. ஆனா வீட்டுல உலை கொதிக்கணும்ல" என்றான். அதுவும் நியாயம்தான்.

போர்மேன் சங்கிலிமுத்து அவளை விடுவதாக இல்லை. "ஆவணி பொறந்தா சீசன் ஆர்டர் குவிஞ்சிரும்மா. அதுவரைக்கும் உன் இடத்தைப் போட்டு வச்சிருக்கேன். அதுக்குள்ள மாத்து ஆபீஸ் சொல்ற மாதிரி ரொட்டி சுட்டுப் பிழைச்சா பிழைச்சுக்க. இல்லைன்னா பேசாம வந்து உக்காரு. புதுசா ஒரு ஆளைப் பழக்க எனக்குத் தெம்பு இல்ல" என்று வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஆக, ஆவணிக்குள் ரொட்டி. இல்லாவிட்டால் மருந்து அறை. நடுவில் வேறெதுவும் இல்லை.

அடுத்த மாதமே, வைகாசியில், மாத்து ஆபீஸ் ரொட்டி அடுப்பைக் கொண்டுவந்து இறக்கியது. கோயம்புத்தூரில் செய்த கேஸ் அடுப்பு. ஆள் உயரம், எவர்சில்வர் உடம்பு, கண்ணாடிக் கதவு, கீழே ஒரு குமிழ், குமிழுக்குப் பக்கத்தில் நெருப்பு வைக்க ஒரு ஓட்டை. தீக்குச்சி அடுக்கிய பழைய கொட்டகையை வெள்ளையடித்து அதற்குள் நிறுத்தினார்கள். மாரித்தாயும் பாண்டிலட்சுமியும் இன்னும் சில பெண்களும் சேர்ந்த குழுவுக்கு 'விடியல் ரொட்டியகம்' என்று ஆபீசே பெயர் வைத்தது. பெயர் வைப்பதில் மட்டும் அந்த ஆபீசை யாரும் மிஞ்ச முடியாது.

திறப்பு விழாவுக்கு வந்த இயக்கத் தலைவருக்கு அன்று இன்னும் இரண்டு திறப்பு விழா பாக்கி இருந்தது. காரிலிருந்து இறங்கியவர் நேரே அடுப்பிடம் போனார். குமிழை அழுத்தித் திருப்பினார். யாரோ நீட்டிய மெழுகுவத்தியை ஓட்டையில் காட்டினார். புஸ் என்று நீலமாகப் பற்றிக்கொண்டது. எல்லோரும் கை தட்டினார்கள். அவர் குமிழை விட்டுவிட்டுக் கும்பிட்டார். கைதட்டல் அடங்குவதற்குள் அடுப்பும் அடங்கிவிட்டது. அதை ஒருவரும் பார்க்கவில்லை, மிக்சரும் கேசரியும் வந்துகொண்டிருந்த நேரம்.

"இன்று இங்கே ஏற்றப்பட்ட இந்தச் சுடர் இனி ஒருநாளும் அணையாது!" என்று தலைவர் அணைந்த அடுப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு பேசினார். பிறகு நாரணாபுரத்தில் தையல் மிஷினைத் திறந்துவைக்கப் போனார்.

மறுநாள் காலையில் பெண்கள் குளித்து, பொட்டு வைத்து, மாவு பிசைந்து, பொங்க வைத்து, தட்டில் உருட்டி அடுக்கி அடுப்பைப் பற்ற வைத்தார்கள். பாண்டிலட்சுமி மெழுகுவத்தியைக் காட்ட, மாரித்தாய் குமிழை அழுத்தினாள். புஸ். பற்றிய மறுநொடி இருவரும் சேலையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தார்கள். கதவுக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்தார்கள்.

"அணைஞ்சிருச்சுக்கா."

"திரும்ப வையி."

திரும்ப வைத்தார்கள். திரும்பப் பாய்ந்தார்கள். திரும்ப அணைந்தது. குழுவில் எல்லோரும் ஒரு கை பார்த்தார்கள். மத்தியானத்துக்குள் மாவு புளித்துப் பொங்கித் தட்டைவிட்டு இறங்கிவிட்டது. அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பணியாரமாகச் சுட்டார்கள். தெருவே தின்றது. விடியல் ரொட்டியகத்தின் முதல் நாள் விற்பனை இப்படி இலவசமாக முடிந்தது.

மாரித்தாய் பஸ் ஏறி விருதுநகர் போனாள். மாத்து ஆபீசில் திட்ட அலுவலராக இருந்தவர் பாலகுரு. காரியாபட்டிப் பக்கத்துக்காரர், கறுத்த மீசை, கனிந்த குரல். யாரையும் நிற்க வைத்துப் பேச மாட்டார். உட்கார வைத்துத்தான் இல்லை என்பார்.

"சார், அடுப்பு எரியமாட்டேங்குது."

"உக்காருங்கம்மா. முதல்ல அப்படி வாயால சொல்லாதீக. அடுப்பு நல்லபடியா எரிஞ்சதுன்னு மேலிடத்துக்கு அறிக்கை போயிருச்சு. போட்டோவும் போயிருச்சு. போட்டோவுல இன்னமும் எரியுது."

"போட்டோவுல வச்சா ரொட்டி வேகுமா சார்?"

பாலகுரு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "ஒரு அடுப்பு எரியலைன்னா ரெண்டே காரணம்தான். ஒண்ணு அடுப்பு. இன்னொண்ணு பயனாளி. அடுப்புக்கு முத்திரை இருக்கு, சான்றிதழ் இருக்கு, உத்தரவாதம் இருக்கு. உங்களுக்கு இதுல எது இருக்கு?"

மாரித்தாய் யோசித்துப் பார்த்தாள். அவளிடம் ரேஷன் கார்டு ஒன்றுதான் இருந்தது. அதிலும் அவள் பெயர் மாரிச்சாமி, ஆண் என்று இருந்தது.

"கோயம்புத்தூர்ல இருந்து ஒரு மெக்கானிக்கை வரச்சொன்னா பார்த்துருவாருல்ல சார்?"

பாலகுரு கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். "மெக்கானிக்கைக் கூப்பிட்டா என்ன அர்த்தம்? அடுப்பு பழுதுன்னு அர்த்தம். பழுது அடுப்பை வாங்கினது யாருன்னு கேப்பாக. வாங்கினது எனக்கு முன்னால இந்த நாற்காலியில இருந்தவரு. அவரு இப்ப எனக்கு மேலதிகாரி. இப்பச் சொல்லுங்க, அடுப்பு பழுதா?"

"இல்ல சார்" என்று மாரித்தாய் சொன்னாள். சொல்லிவிட்டுத்தான் தான் எதற்கு வந்தோம் என்று நினைத்துப் பார்த்தாள்.

ஆனாலும் மாத்து ஆபீஸ் கைவிடவில்லை. ஆனி மாதம் ஒரு தொழில்நுட்ப ஆய்வுக் குழு இரண்டு ஜீப்பில் வந்து இறங்கியது. குழுத் தலைவர் காளீஸ்வரன், கோழி வளர்ப்பில் பழுத்த அனுபவசாலி. ரொட்டியும் முட்டையும் உணவுப் பொருள் என்ற ஒரே தலைப்பில் வருவதால் அவரைப் போட்டிருந்தார்கள்.

குழு முதலில் பெயர்ப்பலகையை அளந்தது. 'விடியல்' என்ற எழுத்து விதிப்படி இருக்க வேண்டிய உயரத்தைவிடக் குட்டையாக இருந்தது. அதற்கு ஒரு எச்சரிக்கை எழுதினார்கள். அடுத்து அடுப்பைச் சுற்றி வந்தார்கள். காளீஸ்வரன் எவர்சில்வர் முதுகில் உள்ளங்கையை வைத்தார். கோழிக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் கண்ணை மூடினார்.

"குளிர்ச்சியா இருக்கு" என்றார். ஒருவர் அதை எழுதிக்கொண்டார்.

"பத்த வச்சுப் பாருங்க சார்" என்றாள் மாரித்தாய்.

"தாராளமா. தீப்பெட்டி?"

குழுவில் ஒவ்வொருவரும் சட்டைப் பையைத் தடவினார்கள். நாட்டுக்கே தீப்பெட்டி அனுப்புகிற ஊரில் ஒருவரிடமும் ஒரு குச்சி இல்லை. வருகிற வழியில் ஒரு பட்டாசு கம்பெனியைப் பார்வையிடப் போயிருந்தார்கள். கேட்டில் வாட்ச்மேன் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டான். திரும்பும்போது கேட்டு வாங்க மறந்துவிட்டார்கள்.

மாரித்தாய் பக்கத்து வீட்டில் போய் ஒரு தீப்பெட்டி வாங்கி வந்தாள். அதைக் கண்டதும் காளீஸ்வரன் இரண்டடி பின்னால் போனார்.

"அம்மா, அதை முதல்ல வெளிய கொண்டு போங்க! இது பட்டாசுப் பகுதி. ஆய்வுக் குழு முன்னால அனுமதி இல்லாம நெருப்பு உரசக் கூடாது!"

"அடுப்பைக் கொண்டாந்து வச்சது நீங்கதான சார்?"

"அடுப்பு வேற, நெருப்பு வேறம்மா. அடுப்பு எங்க துறை. நெருப்பு வேற துறை."

அவர்கள் போன பிறகு வந்த ஆய்வறிக்கையை நானும் படித்திருக்கிறேன். மறக்க முடியாத உரைநடை. 'எரியாத நிலையில் அடுப்பு எவ்விதக் குறைபாடுமின்றிச் சிறப்பாக இயங்குகிறது. பயனாளி எதிர்க்கேள்வி கேட்கிறார். அவருக்கு மனநிலைப் பயிற்சி அவசியம்.'

ஆகவே மனநிலைப் பயிற்சி. விருதுநகரில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து 'நெருப்போடு நட்பு' என்று முகாம் நடத்தினார்கள். பயிற்சியாளர் கழுத்தோடு ஒட்டிய மைக்கில் பேசுகிறவர். கோட்டு போட்டிருந்தார். மண்டபத்து மின்விசிறிகள் அவரைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி மெதுவாகச் சுற்றின.

"உங்க பிரச்சினை அடுப்புல இல்ல. உங்க ஆழ்மனசுல இருக்கு. கண்ணை மூடுங்க. ஒரு சுடரை நினைங்க. அது உங்க சிநேகிதி. அதுகிட்டப் பேசுங்க."

பாண்டிலட்சுமி ஒரு கண்ணைத் திறந்து, "என்னத்தைப் பேச?" என்றாள்.

"நல்லா இருக்கியான்னு கேளுங்க."

"நல்லா இருக்கீகளாத்தா?" என்று பாண்டிலட்சுமி மரியாதையாகக் கேட்டாள். பதில் வராததால் சாப்பாட்டுப் பந்தி எப்போது என்று யோசிக்க ஆரம்பித்தாள்.

மாரித்தாயும் கண்ணை மூடினாள். சுடர் ஒன்றும் வரவில்லை. இரண்டு அறை தள்ளி இருந்த அந்த அறைதான் வந்தது, கதவும் அதற்கு வெளியே கழற்றி வைத்திருந்த செருப்புகளும். அவள் உடனே கண்ணைத் திறந்துவிட்டாள். அதற்கப்புறம் முகாம் முடிகிறவரை மூடவில்லை. யாருக்கும் தெரியாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பயம் என்பது ஒரு மாயை!" என்று பயிற்சியாளர் முழங்கினார். "என்னைப் பாருங்க. என் அகராதியிலேயே பயம் என்ற வார்த்தை..."

வெளியே தெருவில் ஒரு பெண்ணழைப்பு போயிற்று. மாப்பிள்ளை வீட்டார் ஒரு சரத்தைக் கொளுத்திப் போட்டார்கள். மைக் வழியாகத் திமுதிமுவென்று ஒரு சத்தம் கேட்டது. பெண்கள் பார்த்தபோது மேடையில் கோட்டைக் காணோம். மேஜை விரிப்புக்குக் கீழே ஒரு பூட்ஸ் மட்டும் தெரிந்தது.

"கல்யாண வீட்டு வெடிதான் சார். வெளிய வாங்க" என்று பாண்டிலட்சுமி குனிந்து கூப்பிட்டாள்.

முகாம் முடிவில் எல்லோருக்கும் 'நெருப்புடன் இணக்கமானவர்' என்று சான்றிதழ் கொடுத்தார்கள். அதை மாரித்தாய் கொட்டகையில் அடுப்புக்கு எதிரே மாட்டி வைத்தாள். அடுப்பு அதைப் படித்த மாதிரி தெரியவில்லை. பற்ற வைத்தார்கள், பாய்ந்தார்கள், அணைந்தது.

ஆடியும் பாதி போய்விட்டது. சங்கிலிமுத்து சைக்கிளை நிறுத்தாமலே, "என்னம்மா, சேலை எல்லாம் துவைச்சு வச்சிட்டியா? நைலான் கட்டிட்டு வந்துறாத" என்று கேட்டுவிட்டுப் போனார். மருந்து அறைக்குப் பருத்திச் சேலைதான், நைலான் உரசினால் பொறி பறக்கும். அன்று ராத்திரி மாரித்தாய் பெட்டியைத் திறந்து பருத்திச் சேலைகளை எடுத்துப் பார்த்தாள். திரும்ப உள்ளே வைத்துவிட்டாள்.

அப்போதுதான் பாலகுரு ஒரு கட்டுப் புத்தகத்தோடு வந்து சேர்ந்தார். முகத்தில் புது மாப்பிள்ளைக் களை. 'மாற்றத்தின் மணம்: வெற்றிக் கதைகள்' என்று பளபளப்பான அட்டை. சிவகாசியிலேயே அடித்தது என்பதால் சொன்ன மறுவாரம் வந்துவிட்டது. உள்ளே ஒரு முழுப் பக்கத்துக்கு மாரித்தாய். தினமும் அவள் சுடுகிற ரொட்டிக்காக நாலு ஊர் காத்திருக்கிறதாம். மகளை அவள் ஆங்கிலப் பள்ளியில் சேர்த்துவிட்டாளாம். அவளுக்கு மகளே கிடையாது.

"சார், இதுல ஒண்ணுமே நடக்கலையே?"

"அச்சாயிருச்சும்மா" என்றார் பாலகுரு மென்மையாக. "இனிமே நீங்கதான் அதுக்குத் தக்கன வாழணும். வர்ற வெள்ளிக்கிழமை மெட்ராஸ்ல இருந்து நம்ம இயக்கத்து இயக்குநரே நேர்ல வாராரு. புஸ்தகத்துல வந்த அடுப்பைப் பார்க்கணுங்காரு. ரொட்டி சாப்பிடணுங்காரு."

"ரொட்டிக்கு எங்க போக?"

"அதெல்லாம் ஆபீஸ் பார்த்துக்கும். நீங்க சிரிச்ச முகமா நின்னா போதும்."

வெள்ளிக்கிழமை ஆபீஸ் பார்த்துக்கொண்டது. விருதுநகரில் ஒரு பேக்கரியில் வாங்கிய பன்னை அட்டைப் பெட்டியோடு கொண்டுவந்தார் பாலகுரு. ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது. பாண்டிலட்சுமி பிரிக்கப் போனாள். "பிரிக்காதீக! காஞ்சு போயிரும். அவரு கேக்கும்போது பிரிச்சுக்கலாம்" என்று சொல்லி, கவரோடு கவராக எல்லாவற்றையும் அடுப்புக்குள் அடுக்கிக் கதவைச் சாத்தினார். எரியாத அடுப்பைப்போல் பத்திரமான அலமாரி வேறு எது?

இயக்குநர் வந்தார். மாலை, பொன்னாடை, பூரணகும்பம் எல்லாம் முடிந்து கொட்டகைக்குள் நுழைந்தவர் திடீரென்று ஆசைப்பட்டார். "அடுத்த பதிப்புக்கு நானே அடுப்பைப் பற்ற வைக்கிற மாதிரி ஒரு படம் இருக்கட்டும்."

பாலகுருவின் மீசை தொங்கிவிட்டது. ஆனால் மனசுக்குள் ஒரு தைரியம். எப்படியும் அணைந்துவிடும். அந்த அடுப்பின்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

படம் எடுக்க வந்தவர் சோலைமலை. ஸ்டுடியோ வைத்துக் கல்யாணப் படம் எடுத்தே தலை நரைத்தவர். தாலி கட்டுகிற மாப்பிள்ளையைப் படம் சரியாக விழுகிறவரை அப்படியே குனிந்து நிற்க வைப்பதில் அவருக்கு நிகர் கிடையாது. முகூர்த்த நேரம் போனாலும் விட மாட்டார்.

இயக்குநர் குமிழை அழுத்தினார். மெழுகுவத்தியைக் காட்டினார். புஸ். பாண்டிலட்சுமி வாசலுக்குப் பாய்ந்தாள். மாரித்தாயும் பாய்ந்திருப்பாள். சோலைமலை விடவில்லை.

"அம்மா, நீங்க எங்கன போறீக? சார் பக்கத்துல நில்லுங்க. சார், கையை எடுக்காதீங்க. ஃபிளாஷ் ஏறலை."

இயக்குநர் அழுத்தியபடி சிரித்தார்.

"அப்படியே. மோவாயை லேசாத் தூக்குங்க. கையை எடுக்காதீங்க சார், மாப்பிள்ளை முடிச்சைப் பாதியில விடலாமா? இந்தா ஏறுது... ஏறுது..."

இயக்குநர் விடவில்லை. சிரிப்பு உறைந்து பல் காய்ந்தது. மாரித்தாய்க்குக் கால் பரபரத்தது. பாய முடியாமல், பார்ப்பதற்கு வேறு இடமும் இல்லாமல், ஓட்டைக்குள் பார்த்தாள். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு இரும்புக் குச்சி நீட்டிக்கொண்டிருந்தது. நீல நெருப்பு அதன் நுனியை நக்கி நக்கி, நுனி மெல்லச் சிவந்தது. ஒருவழியாக ஃபிளாஷ் மின்னியது. இயக்குநர் கையை எடுத்தார்.

அடுப்பு அணையவில்லை.

இது என்ன அதிசயம் என்று அவள் ஒரு கணம்தான் திகைத்தாள். அடுத்த கணம் எல்லாம் விளங்கிவிட்டது. அந்தக் குச்சி சூடேறும்வரை குமிழைப் பிடித்திருக்க வேண்டும். அவ்வளவுதான் சங்கதி. பழுதும் இல்லை, மாயையும் இல்லை. அந்த ஊரில் பிறந்த பிள்ளைக்கு நடக்கத் தெரிந்ததும் சொல்லிக்கொடுக்கிற பாடம் பற்ற வை, ஓடு என்பதுதான். பற்ற வைத்த பிறகும் பக்கத்தில் நிற்கிறவன் அங்கே உயிரோடு இருந்ததில்லை. குழுவில் ஒருத்தியாவது கையை எடுக்காமல் இருந்தாளா? மாத்து ஆபீசும் அதே ஜாதிதான். திறப்பு விழாவில் பற்ற வைத்துவிட்டு அடுத்த ஊருக்கு ஓடிற்று. ஒரே வித்தியாசம், இந்தப் பெண்கள் உயிருக்குப் பயந்து ஓடினார்கள்.

இயக்குநர் பேச ஆரம்பித்தார். இயக்குநர்கள் பேச ஆரம்பித்தால் எந்த அடுப்பும் சூடாகிவிடும். "இந்தத் தாய்மார்கள் வெடிமருந்தை விட்டு ரொட்டிக்கு வந்திருக்கிறார்கள். இதற்கு யார் காரணம்? நான் சொல்ல மாட்டேன். தன்னடக்கம் தடுக்கிறது. ஆனால் புத்தகத்தின் முதல் பக்கத்தில் என் படம் இருக்கிறது." அங்கே நிறுத்தி மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார். "ஆகா! கிராமத்து ரொட்டியின் மணமே தனி!"

பாலகுருவுக்கும் அந்த மணம் வந்தது. அது பிளாஸ்டிக் உருகுகிற மணம் என்று அவருக்குத் தெரியும். வாயைத் திறந்தார், மூடினார். குறுக்கே பேசினால் மரியாதையாக இருக்காது. கண்ணாடிக் கதவின் இடுக்கில் முதலில் வெள்ளையாக, பிறகு கறுப்பாகப் புகை வந்தது.

"புகை!" என்று யாரோ கத்தினார்கள்.

வேறு ஊராக இருந்தால் நாலு பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள். விஸ்வநத்தத்தில் யாரும் எதையும் பார்ப்பதில்லை. கொட்டகை காலியாகிவிட்டது. இயக்குநரின் கார் கதவு சாத்துவதற்கு முன்பே நகர்ந்தது. பொன்னாடையின் ஒரு நுனி வெளியே பறந்துகொண்டு போயிற்று. பாலகுரு ஜீப்புக்குப் பின்னால் ஓடி, தொற்றி, ஏறினார். சோலைமலைகூடக் கேமராவோடு ஓடினார், படம் எதுவும் எடுக்காமல்.

மாரித்தாயும் ஓடினாள். தெருக்குழாய்வரை ஓடிவிட்டாள். அங்கே நின்று மூச்சு வாங்கினாள். இனி என்ன, அடுப்பும் போயிற்று, ஆவணி பிறந்ததும் பருத்திச் சேலை கட்ட வேண்டியதுதான் என்று நினைத்ததும் அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தன.

"உள்ள இருக்கிறது மருந்தா? பன்னுதானடி!" என்று குழாயடியில் யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு உள்ளே போய்க் குமிழைத் திருப்பி அணைத்தாள். ஈரச் சாக்கைப் பிடித்துக் கதவைத் திறந்து, கருகிய தட்டுகளை இழுத்து வெளியே வீசினாள். அரசாங்கப் பன் மண்ணில் கிடந்து புகைந்தது. அடுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே கொஞ்சம் கரி, அவ்வளவுதான். உட்கார்ந்து சுரண்டித் துடைத்தாள். கதவைத் திறந்து போட்டு, உள்ளே இருந்த வாடையெல்லாம் போகட்டும் என்று காத்திருந்தாள். பிறகு மெழுகுவத்தியைக் கொளுத்தினாள்.

பாண்டிலட்சுமி வாசலில் வந்து நின்றாள். "அக்கா, பைத்தியமா உனக்கு? வந்துருக்கா!"

மாரித்தாய் குமிழை அழுத்தினாள். புஸ். கால் பின்னால் போகப் பார்த்தது. பயமாகத்தான் இருந்தது, பயம் எங்கேயும் போய்விடவில்லை. அந்த அறையும் செருப்புகளும் கண்ணுக்குள் வந்து நின்றன. அவள் கண்ணை மூடாமல் நெருப்பையே பார்த்தாள்.

"கையை எடுத்துட்டு வாக்கா!"

"இருடி."

குச்சியின் நுனி சிவந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்தாள். பிறகு விரல் விரலாகக் கையை எடுத்தாள். அடுப்பு எரிந்தது. கைதட்ட யாரும் இல்லை. பாண்டிலட்சுமி மட்டும் வாயில் கை வைத்தபடி ஒரு அடி உள்ளே வந்தாள், பிறகு இன்னொரு அடி.

வழியில் யாரோ போன் பண்ணியதால் தீயணைப்பு வண்டி சாயங்காலம் மணியடித்துக்கொண்டு வந்தது. அதற்குள் இருவரும் மாவு பிசைந்து, பொங்க வைத்து அடுக்கிய முதல் தட்டு வெந்திருந்தது.

"தீ எங்கம்மா?" என்றார் வண்டியிலிருந்து குதித்தவர்.

"இந்தா, உள்ளதான் இருக்கு" என்று மாரித்தாய் அடுப்பைக் காட்டினாள். ஆளுக்கொரு பன் கொடுத்தாள். வந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினால் அவர்களுக்கும் கேள்வி வரும். தின்று முடித்து, தண்ணீர் குடித்து, 'தீ முற்றிலும் அணைக்கப்பட்டது' என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

தீ அணைக்கப்பட்டது என்று ஒரு துறை சொன்ன பிறகு, தீ இருந்தது என்று இன்னொரு துறை சொல்லித்தானே ஆக வேண்டும். மறுவாரம் பாலகுரு ஒரு காகிதத்தோடு வந்தார். 'ரொட்டி அடுப்பு தீ விபத்தில் முழுவதுமாக அழிந்துவிட்டது' என்று இருந்தது. கீழே மாரித்தாய் கையெழுத்துப் போட வேண்டும். அவருக்குப் பின்னால் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கொட்டகை முழுக்கச் சூடு. அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அழிஞ்சிருச்சுன்னு போட்டா திரும்பக் குழு வருமா சார்?"

"இல்லாத அடுப்பைப் பார்க்க எப்படிம்மா குழு வரும்?"

"பயிற்சி?"

"எதுக்குப் பயிற்சி?"

"புஸ்தகம்?"

"அடுத்த பதிப்புல உங்களை எடுத்துருவோம்" என்று அவர் வருத்தத்தோடு சொன்னார்.

மாரித்தாய் மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, வாழ்க்கையில் இதுவரை எதற்கும் போடாத அழகான கையெழுத்தாகப் போட்டாள். அவருக்கு ஒரு சூடான பன்னை நீட்டினாள். அவர் பிட்டு வாயில் போட்டார். கண் மூடிற்று. அது எங்கே சுட்டது என்று அவர் கேட்கவில்லை. அந்த அளவுக்கு அவர் நல்ல அதிகாரி.

"திங்கக்கிழமை ஆபீஸ்ல ஒரு கூட்டம். மெட்ராஸ்ல இருந்தெல்லாம் வாராக. டீயோட வைக்கிறதுக்கு இது கொஞ்சம் வேணுமே?"

"என்ன கூட்டம் சார்?"

"ரொட்டித் திட்டம் ஏன் தோத்துச்சுன்னு ஆராயுறது."

ஆவணி முதல் திங்கட்கிழமை கூட்டம் நடந்தது. காளீஸ்வரன் மூன்று பன் தின்றார். இயக்குநர் டீயில் தொட்டுத் தொட்டுத் தின்றுவிட்டு, இந்த மாதிரி ரொட்டியைச் சுடத் தனிப் பண்பாடு வேண்டும் என்றார். பட்டாசுப் பகுதிப் பெண்களுக்கு ரொட்டித் தொழில் ஒத்துவராது என்று, மீதியிருந்த பன்னை வீட்டுக்குக் கட்டிக்கொண்டு, ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள்.

அன்று காலையில்தான் கம்பெனி சங்கு ஊதியது. வெள்ளைத்துரை கொட்டகை வாசலில் வந்து நின்றான். "போர்மேன் கேக்காரு, வர்றியா இல்லையான்னு. இன்னைக்கு உக்காரலைன்னா இடத்தை வேற ஆளுக்குக் கொடுத்துருவாராம்."

மாரித்தாய் அடுப்பு முன்னால் குத்தவைத்து, குமிழை அழுத்தியபடி ஓட்டைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"கையை எடுக்க முடியாதுன்னு சொல்லிருங்க" என்றாள்.